கீஸாவுக்கு முந்தைய நூறு ஆண்டுகள்: எகிப்தியர் பிரமிடு கட்டக் கற்ற கதை

பிரமிடு என்றதும் எல்லோர் கண்முன்னும் வருவது கீஸாவில் நிற்கும் மூன்றும்தான். அவற்றில் பெரியது மன்னர் கூஃபுவின் பிரமிடு. கட்டி முடித்தபோது 146 மீட்டர் உயரம், அடியில் ஒவ்வொரு பக்கமும் 230 மீட்டர், நான்கு பக்கங்களுக்கும் இடையே சில சென்டிமீட்டர்தான் வித்தியாசம். அதை மட்டும் பார்த்துவிட்டு "இதை மனிதர்கள் எப்படிக் கட்டியிருக்க முடியும்?" என்று கேட்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். முன்கதை தெரியாவிட்டால் அப்படித்தான் கேட்கத் தோன்றும். வேற்றுக்கிரகவாசிக் கதைகள் பிழைப்பு நடத்துவதும் அந்த இடைவெளியில்தான்.

முன்கதை கீஸாவிலிருந்து தெற்கே கிடக்கிறது. நைலின் மேற்குக் கரையை ஒட்டிய பாலைவன மேட்டில் சக்காரா, அடுத்து தாஷூர், அதற்கும் தெற்கே மைதூம். கூஃபுவுக்கு முந்தைய ஏறக்குறைய நூறு ஆண்டுகளில் கட்டியது, பாதியில் நின்றது, விரிசல் விட்டது, சரிந்தது எல்லாம் இந்த ஊர்களில் இன்னும் நிற்கின்றன. அவற்றை வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். ஆரம்பகாலப் பெரிய பிரமிடுகளில் பலவும் முதலில் போட்ட திட்டப்படி முடியவில்லை. வேலை நடக்கும்போதே அளவையும் சாய்வையும் மாற்றினார்கள். மாற்றியது கல்லில் அப்படியே பதிந்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் வெறும் மணல் குழிதான் இருந்தது. பாலைவனச் சூட்டில் உடல் தானாகவே காய்ந்து கெடாமல் இருந்தது. அந்தஸ்து உள்ளவர்கள் குழிக்குப் பச்சைச் செங்கல்லால் சுவர் வைத்து, மேலே திண்ணை போல ஒரு நீள்சதுர மேடை எழுப்பத் தொடங்கினார்கள். அதைத்தான் மஸ்தபா என்கிறோம். முதல் வம்ச மன்னர்கள் தெற்கே அபைடோஸில் புதைக்கப்பட்டார்கள். அங்கே கல்லறை ஓரிடம், வழிபாட்டுக்கான பெரிய மதில்வளாகம் வேறோர் இடம். இரண்டாம் வம்சத்தின் கடைசி மன்னர் காஸெகெம்வி கட்டிய மதில் இன்னும் அங்கே நிற்கிறது. சுமார் 4,700 ஆண்டுகளாகப் பச்சைச் செங்கல் சுவர் 11 மீட்டர் உயரத்துக்கு நிற்பதே ஒரு செய்தி.

சக்காராவில் முதல் வம்சக் காலத்து மஸ்தபா ஒன்று இருக்கிறது. அகழ்வாய்வாளர்கள் கொடுத்த எண் 3038. வெளியே பார்த்தால் வழக்கமான சுவர். உள்ளே தோண்டியபோது கல்லறைக் குழிக்கு மேல் செங்கல்லால் படிகள் போல உயரும் ஒரு மேடு மறைந்திருந்தது. ஆக, படிப்படியாக உயரும் மேடு என்ற எண்ணம் மன்னர் ஜோசருக்கு முன்பே இருந்தது. அதை மதிலுக்கு மேலே தெரியும்படி தூக்கி நிறுத்தியதும் கல்லில் செய்ததும்தான் புதிது.

அதைச் செய்தது மூன்றாம் வம்சத்தின் ஜோசர், கி.மு. 2670 வாக்கில். சக்காராவில் உள்ள அவருடைய படிப் பிரமிடைப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ழான்-ஃபிலிப் லௌவேர் 1926-இல் தொடங்கி எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ந்தார். உடைந்து பெயர்ந்த இடங்களில் உள்ளே தெரிந்த கல்வரிசைகளை வைத்து அதன் கட்டங்களை அவரால் பிரித்துச் சொல்ல முடிந்தது. முதலில் கட்டியது ஒரு சதுர மஸ்தபா: பக்கத்துக்கு 63 மீட்டர், உயரம் 8 மீட்டர். மேலே வழவழப்பான வெள்ளைச் சுண்ணாம்புக்கல் முகப்பும் பதித்தாயிற்று. அதாவது அது முடிந்த கட்டடம். பிறகு நான்கு பக்கமும் கொஞ்சம் அகலப்படுத்தினார்கள். அப்புறம் கிழக்குப் பக்கம் அரச குடும்பத்துக்காக 11 செங்குத்துக் குழிகள் வெட்டி, அவற்றையும் மூடுகிற மாதிரி மறுபடி நீட்டினார்கள். அதன் பிறகுதான் யாருக்கோ மேலே போகலாம் என்று தோன்றியிருக்கிறது. நான்கு படிகள் எழுந்தன. அதுவும் போதவில்லை; வடக்கிலும் மேற்கிலும் விரித்து ஆறு படிகளாக்கினார்கள். கடைசியில் உயரம் சுமார் 60 மீட்டர், அடி 121-க்கு 109 மீட்டர். சதுரமாகக்கூட இல்லை. ஒட்டுப்போட்டு வளர்ந்ததன் அடையாளம் அது.

இந்த மாற்றத்தின் நடுவே கல் வைக்கும் முறையும் மாறியது. மஸ்தபாவில் கல்வரிசைகள் படுக்கை மட்டமாக இருந்தன. படிகள் கட்டத் தொடங்கியதும் கல்லை உள்பக்கம் சாய்த்து வைத்தார்கள். நடுவில் ஒரு கல் மேடு, அதன்மேல் சாய்ந்த ஒரு சுவர், அதன்மேல் சாய்ந்த இன்னொரு சுவர் என்று உறை உறையாக வளரும் முறை இது. பாரம் உள்நோக்கி விழுவதால் கல் வெளியே நழுவாது என்று நினைத்திருக்கிறார்கள். உண்மையும் கூட. ஆனால் ஒரு உறைக்கும் அடுத்த உறைக்கும் பிணைப்பு கிடையாது. அந்தப் பலவீனம் பின்னால் வந்து உதைக்கும்.

ஜோசர் வளாகத்தில் என்னை மிகவும் கவர்வது அந்தப் பிரமிடு அல்ல, சுற்றியுள்ள கட்டடங்கள். 15 ஹெக்டேர் இடம், சுற்றி 10 மீட்டருக்கு மேல் உயரமான வெள்ளைக்கல் மதில். மதிலில் 15 வாசல்கள் தெரியும். 14 போலி, தென்கிழக்கு மூலையில் உள்ள ஒன்றுதான் திறந்த வழி. உள்ளே நுழைந்தால் கூரைக்கல்லின் அடிப்பக்கத்தை உருண்டையான மரக்கட்டைகளை அடுக்கியது போலச் செதுக்கியிருக்கிறார்கள். தூண்கள் நாணல் கட்டுகளைப் போலக் கோடு கோடாக இருக்கின்றன. ஆனால் அவை தனியாக நிற்கவில்லை, சுவரோடு ஒட்டியிருக்கின்றன. திறந்த நிலையில் இருக்கும் மரக்கதவுகூடக் கல்லில் உண்டு, அது அசையாது. நாணல், மரம், செங்கல் மட்டுமே தெரிந்த கைகள் கல்லைத் தொட்டபோது பழைய பொருளின் உருவத்தையே அதில் கொண்டுவந்தன. கற்களும் சிறியவை. ஒன்றிரண்டு ஆள் தூக்கிவைக்கக்கூடிய அளவு, கிட்டத்தட்ட பெரிய செங்கல். பல டன் எடையுள்ள கல்லைக் கையாளும் துணிச்சல் இன்னும் வரவில்லை.

தரைக்கு மேல் இருந்த தயக்கம் தரைக்குக் கீழே இல்லை. பாறையில் 7 மீட்டர் சதுரத்துக்கு 28 மீட்டர் ஆழக் குழி, அதன் அடியில் கருங்கல்லால் ஆன புதை அறை, அறையின் வாயை அடைக்க மூன்றரை டன் கல் மூடி. சுற்றிலும் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் சுரங்கப் பாதைகள். சில அறைச் சுவர்களில் நாணல் பாயைப் போல நீல ஓடுகள் பதித்திருக்கிறார்கள். சுரங்கங்களில் கிடைத்த கல் பாத்திரங்கள் மட்டும் சுமார் 40,000. பலவற்றில் முந்தைய மன்னர்களின் பெயர் இருக்கிறது.

இதையெல்லாம் திட்டமிட்டவர் என்று மரபு சொல்லும் பெயர் இம்ஹோதெப். வளாகத்தில் கிடைத்த ஒரு சிலையின் பீடத்தில் மன்னர் பெயரோடு இவர் பெயரும் பதவிகளும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மன்னர் சிலையில் இன்னொருவர் பெயர் வருவது அந்தக் காலத்தில் சாதாரணம் அல்ல. இரண்டாயிரம் ஆண்டு கழித்து எகிப்தியர் அவரை மருத்துவக் கடவுளாகவே கும்பிட்டார்கள்.

ஜோசருக்கு அடுத்து வந்தவர்கள் அதே பாணியைத் தொடரப் பார்த்தார்கள், முடிக்கவில்லை. செகெம்கெத்தின் படிப் பிரமிடு சில மீட்டர் உயரத்திலேயே நின்றுபோய் மணலில் புதைந்தது. எகிப்திய ஆய்வாளர் ஸகரியா கோனெய்ம் 1950-களில் அதைக் கண்டுபிடித்தார். உள்ளே முத்திரை உடையாத வெண்பளிங்குப் பேழை இருந்தது. 1954-இல் திறந்தார்கள், காலி. மன்னர் காபாவுக்கு உரியது என்று கருதப்படும் ஸாவியத் எல்-அர்யான் பிரமிடும் அரைகுறைதான். மூன்றாம் வம்சத்தின் முடிவில், மன்னர் ஹூனி காலத்தில் என்று பலரும் சொல்வது, நாட்டின் பல ஊர்களில் புதை அறையே இல்லாத குட்டிப் படிப் பிரமிடுகள் எழுந்தன. எலிஃபன்டைன், எட்ஃபு, எல்-கூலா, நகாடா என்று வரிசையாக. அரசனின் இருப்பை ஊருக்கு ஊர் காட்டும் சின்னங்களாக இருக்கலாம். அவற்றில் அபைடோஸுக்கு அருகே உள்ள சின்கி முக்கியம். வேலை முடியாமல் விட்டதால் கல் இழுத்துச் சென்ற சரிவுப் பாதைகளின் மிச்சம் பக்கத்திலேயே கிடைத்தது. சரிவுப் பாதை வெறும் ஊகம் என்பவர்களுக்கு அதுதான் பதில்.

சரி, இப்போது ஸ்னெஃபெரு. நான்காம் வம்சத்தின் முதல் மன்னர், கூஃபுவின் தந்தை, கி.மு. 2600-ஐ ஒட்டிய காலம். பிரமிடு என்றால் கூஃபு பெயரைத்தான் உலகம் சொல்கிறது. என்னைக் கேட்டால் அந்த இடம் ஸ்னெஃபெருவுக்குச் சேர வேண்டும். மூன்று பெரிய பிரமிடுகள் அவர் கணக்கில் வருகின்றன. மொத்தக் கல் சுமார் 35 லட்சம் கன மீட்டர். கூஃபுவின் பிரமிடோ 26 லட்சம்தான்.

முதலாவது மைதூம். இன்று அங்கே நிற்பது பிரமிடு வடிவம் அல்ல. இடிபாட்டு மேட்டின் நடுவிலிருந்து செங்குத்தாக எழும் மூன்றடுக்குக் கோபுரம் போன்ற ஒன்று. ஏழு படிப் பிரமிடாகத் தொடங்கினார்கள். வேலை நடக்கும்போதே எட்டுப் படியாக உயர்த்தினார்கள். அந்தப் படிகளின் முகம் மெருகேற்றி முடிக்கப்பட்டிருந்தது. பல ஆண்டுகள் கழித்து, படிகளுக்கு இடையே நிரப்பிச் சாய்வான பக்கங்களோடு முழுப் பிரமிடாக்கும் யோசனை வந்தது. அளவு சரியாகத்தான் இருந்தது: அடி 144 மீட்டர், உயரம் 92 மீட்டர், சாய்வு ஏறத்தாழ 52 பாகை. பிசகு வேறு இடத்தில். புதிதாகச் சேர்த்த வெளி உறை பழைய படிகளின் வழவழப்பான முகத்தை ஒட்டி நின்றது, பிடிப்பு இல்லை. அதன் கடைக்காலின் ஒரு பகுதி பாறையில் அல்லாமல் மணல்மேல் இருந்தது. கடைசியில் அந்த உறை கழன்று இறங்கியது.

எப்போது இறங்கியது என்பதில்தான் சண்டை. குர்ட் மெண்டல்சன் என்ற இயற்பியலாளர் 1970-களில் ஒரு விளக்கம் சொன்னார்: கட்டிக்கொண்டிருக்கும்போதே மைதூம் சரிந்தது, அதைப் பார்த்துப் பயந்துதான் தாஷூரில் கட்டிக்கொண்டிருந்த அடுத்த பிரமிடின் சாய்வைப் பாதியில் குறைத்தார்கள் என்று. கேட்க அழகான விளக்கம், ஆனால் ஒத்துவரவில்லை. மைதூமின் வெளி உறைக் கற்களில் வேலையாட்கள் எழுதிய தேதிகள் ஸ்னெஃபெரு ஆட்சியின் பிற்பகுதியைக் காட்டுகின்றன. அதற்குள் தாஷூரின் வளைந்த பிரமிடு வளைந்தாயிற்று. அதோடு, மைதூமின் கிழக்குப் பக்கச் சிறு கோயிலுக்குப் பதினெட்டாம் வம்சக் காலத்தில், அதாவது ஆயிரம் ஆண்டுக்கும் மேல் கழித்து வந்தவர்கள் ஸ்னெஃபெருவின் கோயில் அழகு என்று சுவரில் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். மேலே இருந்து கல் மலையாக விழுந்திருந்தால் அந்தக் கோயில் அப்போதே புதைந்திருக்கும். சரிவு பின்னால் வந்தது, கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனவர்கள் அதற்கு வழி செய்தார்கள் என்பதே இப்போது பலரும் ஏற்பது. அந்தக் கோயிலில் நிற்கும் இரண்டு நடுகற்களிலும் ஓர் எழுத்துகூட இல்லை. வேலையை முடிக்காமலே விட்டிருக்கிறார்கள்.

மைதூம் தோல்வி என்று தள்ளிவிடவும் முடியாது. புதை அறை ஆழக் குழியிலிருந்து ஏறித் தரை மட்டத்துக்கு வந்தது இங்கேதான். மேலே உள்ள பாரத்தைத் தாங்க, இரண்டு பக்கச் சுவரிலும் ஒவ்வொரு கல்வரிசையையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நீட்டி உச்சியில் சேர்த்து மூடும் கூரையும் இங்கேதான் முதலில் வருகிறது. வளாகத்தின் போக்கும் மாறியது. ஜோசர் வளாகம் வடக்கு தெற்காக நீண்டிருந்தது. மைதூமில் கோயில் கிழக்கே போனது, அங்கிருந்து பள்ளத்தாக்கை நோக்கி நீண்ட பாதை. பின்னால் வந்த எல்லாப் பெரிய பிரமிடுகளுக்கும் இதுவே அச்சு.

இரண்டாவது, தாஷூரின் வளைந்த பிரமிடு. தொடக்கத்திலிருந்தே முழுப் பிரமிடாகத் திட்டமிட்ட முதல் பெரிய முயற்சி. ஆசையும் பெரிது: பக்கத்துக்கு 157 மீட்டர், சாய்வு 60 பாகைக்குப் பக்கம். கீழே பாறை இல்லை, களிமண்ணும் சரளையும். பாரம் ஏற ஏற நிலம் அமுங்கியது. உள் பாதைகளில் கல் இடம்பெயர்ந்தது, அறைச் சுவர்களில் விரிசல் ஓடியது. என்ன செய்தார்கள்? சுற்றிலும் சுமார் 16 மீட்டர் தடிமனுக்கு ஓர் உறை போட்டு அடியை 188 மீட்டராக்கினார்கள். சாய்வு 54 பாகை வாக்கில் இறங்கியது. பிரச்சினை தீரவில்லை. 47 மீட்டர் உயரம் வந்தபோது சாய்வை 43 பாகைக்குக் குறைத்து, எப்படியோ 105 மீட்டரில் உச்சியை மூடினார்கள்.

உள்ளே போனால் அந்தப் பதற்றம் இன்னும் தெரிகிறது. விரிசல்களை ஜிப்சம் சாந்தால் பூசி மறைத்திருக்கிறார்கள். மேல் அறையில் லெபனான் தேவதாரு மரக்கட்டைகளைக் குறுக்கே கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். 4,600 ஆண்டுகளாக அந்த மரம் அங்கேயே இருக்கிறது. வெளியே, வளைவுக்குக் கீழே கற்கள் ஜோசர் காலத்து வழக்கப்படி உள்பக்கம் சாய்ந்து கிடக்கின்றன. வளைவுக்கு மேலே வரிசைகள் மட்டத்துக்கு நெருக்கமாக வந்துவிட்டன. நூறாண்டுப் பழக்கம் ஒரே கட்டடத்தின் பாதி உயரத்தில் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். இதன் தெற்கே உள்ள குட்டித் துணைப் பிரமிடையும் விட்டுவிடக் கூடாது. அதன் உள்ளே மேல்நோக்கி ஏறும் பாதைக்குக் கல்லை உள்நீட்டிய உயரமான கூரை உண்டு. கூஃபு பிரமிடின் பெருங்கூடம், 47 மீட்டர் நீளமும் எட்டரை மீட்டர் உயரமும் உள்ள அந்தக் கம்பீரமான ஏறுபாதை, இதன் வாரிசு.

வளைந்த பிரமிடில் மன்னருக்கு நம்பிக்கை போய்விட்டது போலும். வடக்கே தள்ளி மூன்றாவதைத் தொடங்கினார். அது சிவப்புப் பிரமிடு. இந்த முறை எதிலும் சூதாட்டம் இல்லை. அடியை 220 மீட்டராக அகட்டினார்கள். சாய்வு முதலிலிருந்தே 43 பாகை. கற்கள் மட்டமாக. உயரம் 105 மீட்டர். உள்ளே மூன்று அறைகள், கூரை எல்லாம் உள்நீட்டிய கல், எங்கும் பெரிய விரிசல் இல்லை. உலகில் முடிந்து நின்ற முதல் உண்மையான பிரமிடு இதுதான். கீஸாவுக்குப் போகிற கூட்டத்தில் ஒரு பங்குகூட இங்கே வருவதில்லை என்பது வேறு விஷயம்.

ஜெர்மன் ஆய்வாளர் ரெய்னர் ஸ்டாடெல்மான் இங்கே தோண்டியபோது மூலைக் கடைக்காலில் ஒரு தேதி கிடைத்தது: "15-ஆவது கணக்கெடுப்பு ஆண்டு". வேறு உயரங்களில் இருந்து விழுந்த முகப்புக் கற்களிலும் தேதிகள் இருந்தன. எந்தக் கல் எந்த ஆண்டு ஏறியது என்று ஓரளவு சொல்ல முடிகிற இடங்களில் இது ஒன்று. கணக்கெடுப்பு என்பது நாட்டிலுள்ள மாடுகளை எண்ணுவது, பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. வரி போடுவதற்கான அந்தக் கணக்கே ஆண்டுக்குப் பெயரும் ஆனது.

மாட்டைக் கணக்கெடுத்த நிர்வாகம்தான் கல்லையும் ஏற்றியது. இரும்பு இல்லை, பாரம் இழுக்க வண்டிச் சக்கரம் இல்லை. செம்பு உளி, கடினக் கல்லால் ஆன சுத்தி, மரச் சறுக்கு, கயிறு, நைல் படகு, ஆள்பலம். இவற்றில் பலவும் ஜோசர் காலத்திலேயே இருந்தவைதான். ஸ்னெஃபெரு காலத்தில் பெருகியது அவற்றைத் திரட்டும் சக்தி. பலெர்மோ கல் என்று அறியப்படும் பழைய அரச ஆண்டுக் குறிப்பில் அவர் ஆட்சியில் 40 கப்பல் நிறைய மரம் வந்தது பதிவாகியிருக்கிறது. வளைந்த பிரமிடின் கீழ்க் கோயில் சுவரில் பெண்கள் வரிசையாகக் காணிக்கை ஏந்தி வருகிறார்கள். ஒவ்வொருத்தியும் கோயிலுக்காக மன்னர் எழுதிவைத்த ஒரு பண்ணையின் உருவம். வேலையின் தலைமை அரச குடும்பத்து ஆண்களிடம் இருந்தது. சக்காரா முதல் கீஸா வரை பிரமிடுகள் இன்று வறண்ட மேட்டில் நிற்பதைப் பார்த்து யாரும் குழம்ப வேண்டாம். அந்த மேட்டை ஒட்டியே ஒரு நைல் கிளை ஓடியது என்று 2024-இல் வெளியான ஆய்வொன்று 64 கிலோமீட்டர் நீளத்துக்குத் தடம் காட்டியது. கல் வாசல் வரை தண்ணீரில் வந்திருக்கிறது.

கூஃபுவுக்கு இந்த அனுபவம் முழுவதும் கைக்குக் கிடைத்தது. கீஸாவில் அவர் முதலில் தேடியது உறுதியான பாறை. பிரமிடின் நடுவே ஒரு பாறைக் குன்றையே விட்டுவிட்டுச் சுற்றிக் கட்டினார்கள். கடைக்கால் பயம் தீர்ந்ததும் 43 பாகையை விட்டு மைதூமின் 52 பாகைக்கே திரும்பினார்கள். திசைப் பிழையும் சுருங்கியது. ஜோசர் பிரமிடு வடதிசையிலிருந்து ஏறக்குறைய 3 பாகை விலகி நிற்கிறது. கூஃபுவுடையது ஒரு பாகையின் பதினைந்தில் ஒரு பங்குகூட விலகவில்லை. ஜோசருக்கு 28 மீட்டர் ஆழத்தில் இருந்த புதை அறை இங்கே தரைக்கு மேல் 43 மீட்டருக்கு ஏறிவிட்டது. அதன் கூரையில் ஒன்பது கருங்கல் விட்டங்கள், அதற்கு மேல் பாரத்தைக் குறைக்க ஐந்து வெற்றறைகள். அப்படியும் விட்டங்களில் விரிசல் உண்டு. சாந்து பூசிய தடமும் உண்டு, தாஷூரில் போலவே.

இந்த வேலை தினசரி எப்படி ஓடியது என்பதற்கு 2013-இல் ஒரு சாட்சி கிடைத்தது. செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற பழைய துறைமுகத்தில் பியர் டாலே குழுவினர் கண்டெடுத்த பாப்பிரஸ் சுருள்கள் அவை. மெரெர் என்ற மேற்பார்வையாளர், கீழே சுமார் 40 ஆட்கள். துரா கற்சுரங்கத்தில் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் ஏற்று, இன்ன இடத்தில் இரவு தங்கு, கீஸாவில் இறக்கு, திரும்பு. பத்து நாளில் இரண்டு மூன்று நடை. காலம் கூஃபு ஆட்சியின் 26 அல்லது 27-ஆம் ஆண்டு. மேலதிகாரியாக வருபவர் மன்னரின் மாற்றாந்தாய்ச் சகோதரர் அன்க்-ஹாஃப். குறிப்பில் வியப்பும் இல்லை, பெருமையும் இல்லை. லாரி ஓட்டுநரின் டிரிப் ஷீட் மாதிரி இருக்கிறது.

சாய்வும் அளவும் அதற்குப் பின் ஏறக்குறைய நிலைபெற்றன. கீஸாவின் மற்ற இரண்டில் மன்னர் காஃப்ரேவுடையது 53 பாகை, மென்கௌரேவுடையது 51. ஆனால் மென்கௌரே 65 மீட்டரோடு நிறுத்திக்கொண்டார். ஐந்தாம் வம்சத்தார் உள்ளே சிறு கல்லும் இடிபாடும் போட்டு நிரப்பி, வெளியே மட்டும் நல்ல கல் பதித்தார்கள். செலவு கோயில்களுக்கும் சுவர்ச் சிற்பங்களுக்கும் திரும்பியது. அந்த வம்சத்தின் கடைசி மன்னர் உனாஸின் பிரமிடு 43 மீட்டர்தான். ஜோசர் மதிலின் தென்மேற்கு மூலைக்கு வெளியே நிற்கிறது. ஆனால் அதன் உள்ளறைச் சுவர்களை மன்னரின் மறுமைப் பயணத்துக்கான வாசகங்கள் நிறைத்திருக்கின்றன. கூஃபுவின் புதை அறைச் சுவரில் ஓர் எழுத்துகூடக் கிடையாது.